பழைய ஜிப்சியின் முன் ஆக்சில்: எதை முதலில் சரிசெய்வது?

கேள்வி: வால்பாறைக்கு அருகில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பணிபுரிகிறேன். என்னிடம் 1999 ஆம் ஆண்டின் மாருதி ஜிப்சி கிங் இருக்கிறது. தோட்டத்துக் கல்பாதையில் தினமும் ஓட்டுகிறேன். வாரம் ஒருமுறை ஆழியாறு வழியாகக் குடும்பத்தோடு பொள்ளாச்சிக்குப் போய்வருகிறேன். சென்ற ஆண்டு 235/75 ஆர் 15 டயர்களும், வெளியே தள்ளி நிற்கும் அகல ரிம்களும், நான்கு பக்கமும் இரண்டு அங்குலம் நீளம் கூடிய ஷேக்கிள்களும் (பட்டை ஸ்பிரிங்கின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஆடு தகடுகள்) போட்டேன். அதன் பிறகு வளைவு முடிந்தால் ஸ்டியரிங் தானாகத் திரும்புவதில்லை. நேர்ச்சாலையில் வண்டி அலைகிறது. 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் பள்ளத்தில் இறங்கினால் முன் வீல்கள் உதறத் தொடங்குகின்றன. வேகம் நன்றாகக் குறைந்தால்தான் நிற்கின்றன. ஒரு மெக்கானிக், ஸ்டியரிங்கின் அதிர்வைத் தணிக்கும் டேம்பரை இரண்டாகப் போடச் சொல்கிறார். இன்னொருவர் ஸ்பிரிங் பட்டைகளை ஆக்சிலுக்கு மேலே ஏற்றி முன்பக்கத்தையே மாற்றிவிடலாம் என்கிறார். பவர் ஸ்டியரிங் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது மூன்றாமவரின் கருத்து. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய வசதி இல்லை. எந்த வரிசையில் செய்வது? அதுவரை வண்டியை ஓட்டலாமா? பழைய டயர்களும் ரிம்களும் ஷேக்கிள்களும் ஷெட்டில் பத்திரமாக இருக்கின்றன.

பதில்: தங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது, இரண்டு குறைகளைத் தனித்தனியாகப் பிரித்து எழுதியிருப்பதுதான். வளைவு முடிந்த பின் ஸ்டியரிங் நேருக்குத் திரும்பாததும் நேர்ச்சாலையில் வண்டி அலைவதும் ஒரு குறை. பள்ளத்தில் இறங்கியவுடன் வீல்கள் உதறத் தொடங்கி, வேகம் குறையும் வரை ஓயாமல் இருப்பது வேறொரு குறை. முன்னது, முன் ஆக்சில் நிற்கும் கோணம் மாறிப்போனதால் வருவது. பின்னது, மூட்டுகளில் தேய்மானம் ஏறி, அதன்மேல் கனமான டயரும் சேர்ந்ததால் வருவது. தங்களுக்குக் கிடைத்த மூன்று ஆலோசனைகளில் எதுவும் இந்த இரண்டு காரணங்களில் ஒன்றைக்கூட நேராகத் தொடவில்லை. ஆகவே, புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் இருப்பதை அதன் பழைய அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்துவதே முதல் வேலை. அது முடிந்த பிறகு, வாங்க நினைத்தவற்றில் பாதி தேவைப்படாமலே போகக்கூடும்.

முதலில் கோணத்தைப் பார்ப்போம். ஜிப்சியின் முன்பக்க அமைப்பு எளிமையானது. ஏணி வடிவச் சேஸிஸுக்குக் கீழே ஒரே தண்டாக ஆக்சில்; அதன் அடியில் இடமும் வலமுமாக இரண்டு பட்டை ஸ்பிரிங்குகள். ஒவ்வொரு ஸ்பிரிங்கின் பின்கண்ணும் சேஸிஸில் நிலையாகப் பூட்டப்பட்டிருக்கும். முன்கண் ஷேக்கிளில் தொங்கும். காயில் ஸ்பிரிங் போட்ட ஜீப்புகளில் பாரத்தைத் தாங்க ஸ்பிரிங்கும், ஆக்சிலை இடத்தில் பிடித்து நிறுத்தத் தனித் தண்டுகளும் இருக்கும். இங்கே இரண்டு வேலைகளையும் பட்டையே பார்க்கிறது. அதனால் பட்டையின் ஒரு முனையை ஏற்றினாலும் இறக்கினாலும், யூ போல்ட்டால் அதனோடு கட்டப்பட்டிருக்கும் ஆக்சிலும் அதே கோணத்துக்குச் சுழன்றுவிடும்.

முன் வீல் இடமும் வலமும் திரும்புவது கிங் பின் என்ற அச்சைச் சுற்றி. வண்டியைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இந்த அச்சின் மேல்முனை சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். அந்தச் சாய்வுக்குக் காஸ்டர் என்று பெயர். ஜிப்சியில் அது ஏறக்குறைய மூன்றரை டிகிரி. அச்சின் கோட்டை நீட்டினால் அது தரையைத் தொடும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் டயர் பதிந்திருக்கும். அதனால்தான் வண்டி முன்னே ஓடும்போது வீல் தானாக நேராகிக்கொள்கிறது. கொண்டை ஊசி வளைவில் முழுவதும் ஒடித்த ஸ்டியரிங், கையைத் தளர்த்தியதும் உள்ளங்கைக்குள் வழுக்கிக்கொண்டு திரும்பி வருவது இந்தச் சாய்வினால்தான்.

இப்போது தாங்கள் போட்ட ஷேக்கிளுக்கு வருவோம். இரண்டு அங்குலம், அதாவது 50 மில்லிமீட்டர், நீளம் கூடியதால் பட்டையின் முன்கண் அந்த அளவுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. ஆக்சில் பட்டையின் நடுப்பகுதியில் இருப்பதால், வண்டிக்குக் கிடைத்த உயரம் இதில் பாதி மட்டுமே, ஓர் அங்குலம். ஆனால் கண்ணுக்குக் கண் ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பட்டையின் முன்முனையை 50 மில்லிமீட்டர் இறக்கினால், அது சுமார் மூன்று டிகிரி முன்னோக்கிச் சாய்கிறது. ஆக்சிலும் உடன் சுழன்று, கிங் பின்னின் மேல்முனை முன்னே வந்துவிடுகிறது. இருந்த மூன்றரை டிகிரியில் மூன்று போனால் மீதி என்ன இருக்கும்? ஓர் அங்குல உயரத்துக்கு விலையாக ஏறக்குறைய முழுக் காஸ்டரையும் கொடுத்திருக்கிறீர்கள். ஸ்டியரிங் திரும்பி வராததற்கும் வண்டி அலைவதற்கும் இதற்கு மேல் காரணம் தேட வேண்டியதில்லை. இதை உறுதி செய்துகொள்ள வேண்டுமானால், கணினி முறையில் வீல் அலைன்மென்ட் பார்க்கும் இடத்தில் காஸ்டர் அளவையும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். பட்டை வண்டியில் காஸ்டரைத் திருகித் திருத்த முடியாது என்பதால் பலர் அதை அளப்பதே இல்லை. கேட்டால் அளந்து கொடுப்பார்கள்.

இதற்குத் தீர்வு, பழைய ஷேக்கிள்களை நான்கு பக்கமும் திரும்பப் போடுவது. முன்பக்கத்தை மட்டும் மாற்றிவிட்டுப் பின்பக்கத்தை அப்படியே விட்டால், வண்டி மூக்குக் குனிந்து நின்று, அரை டிகிரிக்குச் சற்று மேல் காஸ்டரை மறுபடியும் தின்றுவிடும். ஓர் அங்குல உயரம் கட்டாயம் வேண்டுமென்றால், அதற்கு முறையான வழி, வளைவு சற்றுக் கூடுதலாகப் போட்ட புதுப் பட்டைச் செட்டு வாங்குவதுதான். அதில் இரண்டு கண்களும் பழைய ஷேக்கிளோடு பழைய மட்டத்திலேயே நிற்பதால் ஆக்சிலின் கோணம் பெரிதாக மாறாது. ஆக்சில் பீடத்துக்கும் பட்டைக்கும் நடுவில் ஆப்பு வடிவத் தகடு வைத்து இழந்த கோணத்தை மீட்கும் வழியும் உண்டு. ஜிப்சியில் பட்டை அடியில் இருப்பதால் ஆப்பின் தடித்த முனை வண்டியின் முன்பக்கம் பார்க்க வேண்டும். மாற்றி வைத்தால் இருக்கிற காஸ்டரும் போய்விடும். ஆப்பு எஃகில் கடைந்ததாக இருக்க வேண்டும். அலுமினிய வார்ப்பில் வருபவை கல்பாதையில் நசுங்கி, யூ போல்ட்டைத் தளர்த்திவிடும். ஆப்பு வைக்கும்போது, ஆக்சிலில் உள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃபரென்ஷியலின் மூக்கு கீழே இறங்கி, முன் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் யூ ஜாயின்ட்டுகளின் கோணம் கூடும் என்பதையும் மறக்கக் கூடாது. ஜிப்சியில் முன் வீலை அதன் ஓட்டுத்தண்டிலிருந்து விடுவிக்கும் ஃப்ரீ வீல் ஹப் இருப்பதால், சாலையில் ஹப்பை விடுவித்து ஓட்டும்போது அந்த ஷாஃப்ட் சுழலாது; அதனால் இரண்டு டிகிரி வரை ஆப்பு வைப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஹப்பைக் கழற்றிவிட்டு நிலையான மூடியைப் பூட்டி வைத்திருக்கும் வண்டிகளில் இதுவே அதிர்வாகத் திரும்பி வரும்.

இனி உதறல். இதைத்தான் நான் அவசரமாகக் கருதுகிறேன். ஒரு வீல் உதறத் தொடங்குவதற்குப் பள்ளமோ சமன் இல்லாத டயரோ போதும். ஆனால் அது நிற்காமல் தொடர வேண்டுமானால் எங்கோ ஒரு மூட்டில் பிளே, அதாவது தளர்வான ஆட்டம், இருந்தாக வேண்டும். ஜிப்சியில் நான் முதலில் சந்தேகப்படுவது கிங் பின் பேரிங்குகளை. இரண்டு முன் வீல்களையும் ஜாக்கியில் தூக்கி, ஆக்சிலுக்கு ஸ்டாண்டு கொடுத்துவிட்டு, டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் புறமுமாக ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால், ஒருவரை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டு மறுபடியும் ஆட்டுங்கள். பிரேக் அழுத்தியதும் ஆட்டம் மறைந்தால் குறை வீல் பேரிங்கில் இருக்கிறது. அழுத்திய பிறகும் அப்படியே இருந்தால் கிங் பின்னில் இருக்கிறது. இந்தச் சோதனைக்குப் பணமும் வேண்டாம், பட்டறையும் வேண்டாம்.

கிங் பின் பேரிங் மற்றப் பேரிங்குகளைப் போல முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை; சில டிகிரிகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்வதோடு சரி. பெரும்பாலான நேரம் வண்டி நேராகவே ஓடுவதால், உருளைகள் ஒரே இடத்தில் நின்றபடி ஒவ்வொரு கல்லின் அடியையும் வாங்கி, வெளிவளையத்தில் வரிவரியாகப் பள்ளம் தோண்டிவிடுகின்றன. வீலைத் தாங்கியபடி கிங் பின்னைச் சுற்றித் திரும்பும் நக்கிளைப் பிரித்துப் பழைய வளையத்தைத் துணியால் துடைத்துவிட்டு நகத்தை ஓட்டிப் பார்த்தால், அந்த வரிகள் ஒவ்வொன்றாக நகத்தில் தட்டும். அந்த நிலையில் இறுக்கினால், ஸ்டியரிங் நேர்நிலையில் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்ததுபோல் பிடித்துக்கொள்ளுமே தவிர, குறை தீராது. எனவே பேரிங்கை மட்டும் மாற்றிவிட்டு வளையத்தை விட்டுவைக்கும் சிக்கனம் வேண்டாம்; மேலும் கீழுமாக, இரண்டு பக்கமும், வளையத்தோடு சேர்த்தே மாற்றுங்கள். உங்கள் ஊர் மழையை நினைத்தால் சீலும் அதே அளவுக்கு முக்கியம். ஆக்சில் முனையில் இருக்கும் பெரிய உருண்டையைச் சுற்றி கிரீஸ் எண்ணெய் போல இளகி வழிந்திருந்தால், உள் சீல் தேய்ந்து டிஃபரென்ஷியல் ஆயில் நக்கிளுக்குள் வந்துவிட்டது என்று பொருள். கிரீஸ் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. இரண்டில் எது இருந்தாலும் சீல் செட்டும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

புதிய பேரிங் போட்ட பிறகு அதன் இறுக்கத்தைக் கைப்பழக்கத்துக்கு விடக் கூடாது. கிங் பின் மூடியின் அடியில் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். அவற்றைக் கூட்டியும் குறைத்தும்தான் இறுக்கத்தை அமைக்க வேண்டும். இரண்டு முன் வீல்களையும் இணைக்கும் டை ராடையும் வெளிச் சீலையும் கழற்றிய நிலையில், நக்கிளில் டை ராடு பூட்டும் துளையில் ஒரு ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்தால், நக்கிள் நகரத் தொடங்கும்போது முள் ஒன்றிலிருந்து இரண்டு கிலோவுக்குள் காட்ட வேண்டும். அதற்கும் குறைவாக இருந்தால் உதறல் திரும்ப வரும்; மிகவும் கூடினால் ஸ்டியரிங் கனத்துப்போய், காஸ்டர் சரியாக இருந்தாலும் வீல் தானாகத் திரும்பாது. மெக்கானிக்கிடம் தராசு இருக்கிறதா என்று வண்டியை விடுவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. அனுபவக் கையே போதும் என்பவரிடம் இந்த ஒரு வேலையை மட்டும் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது டை ராடு, ஸ்டியரிங் வளையத்தின் திருப்பத்தை வாங்கும் ஸ்டியரிங் பாக்ஸ், அந்த அசைவை வீல் பக்கம் கொண்டுசெல்லும் டிராக் லிங்க். இவற்றை வண்டி தரையில் நிற்கும்போதே பார்க்க வேண்டும். ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகக் கடிகார முள் பத்திலிருந்து இரண்டு வரை விடாமல் ஆட்டிக்கொண்டிருக்க, மற்றவர் அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டின் மீதும் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத தளர்வு விரலுக்குத் தெரியும். ரப்பர் உறை கிழிந்த மூட்டில் இன்று ஆட்டம் இல்லாவிட்டாலும் அதை மாற்றிவிடுவதே நல்லது, ஏனெனில் மண்ணும் நீரும் உள்ளே போய்விட்டன. பாக்ஸிலிருந்து வரும் பிட்மேன் ஆர்மின் நட்டு, பாக்ஸைச் சேஸிஸில் பிடிக்கும் போல்ட்டுகள், அந்த போல்ட் துளைகளைச் சுற்றிச் சேஸிஸில் முடி போன்ற விரிசல் ஆகியவற்றையும் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அகல ரிம் போட்டுக் கல்லில் ஓடிய வண்டியில் விரிசல் இருந்தால் எனக்கு வியப்பிருக்காது. பாக்ஸின் மேல் இருக்கும் திருகைத் திருப்பி ஆட்டத்தைக் குறைப்பது பலருக்குப் பிடித்த குறுக்கு வழி. மற்ற மூட்டுகள் அனைத்தும் சரியான பிறகும் மீதி ஆட்டம் இருந்தால் மட்டும், வீல்கள் நேராக நிற்கும்போது, மிகச் சிறிதளவு திருகலாம். அதிகம் திருகினால் நடுவில் இறுகி, உள்ளே பந்துகள் ஓடும் தடம் கெட்டு, ஒரு நல்ல பாக்ஸ் வீணாகும்.

டயரைப் பற்றித் தாங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. தங்கள் வண்டிக்கு வந்த 205/70 ஆர் 15 டயரின் விட்டம் ஏறக்குறைய 668 மில்லிமீட்டர். இப்போது இருப்பதன் விட்டம் 733 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். விட்டத்தில் பத்து விழுக்காடு கூடியதால் ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 66 இல் ஓடுகிறது. உதறல் தொடங்கும் வேகமும் தாங்கள் எழுதியதைவிடச் சற்றுக் கூடுதலே. இதில் உண்மையான லாபம் ஒன்று உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். பட்டையாலும் ஷேக்கிளாலும் எவ்வளவு உயர்த்தினாலும் சேஸிஸும் உடலும்தான் உயருமே தவிர, கல்லில் முதலில் இடிக்கும் டிஃபரென்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதைத் தரையிலிருந்து உயர்த்துவது டயர் மட்டுமே. தங்கள் டயர் அதை 33 மில்லிமீட்டர் அளவுக்கு உயர்த்தியிருக்கிறது. ஆனால் அகல ரிம் அந்த லாபத்தை வேறு வழியில் பறித்துக்கொள்கிறது. வீலின் நடுக்கோடு கிங் பின் அச்சிலிருந்து எவ்வளவு வெளியே போகிறதோ, அவ்வளவு நீளமான நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கல்லும் ஸ்டியரிங்கைத் திருப்பப் பார்க்கும். வீல் பேரிங், கிங் பின், டை ராடு, ஓட்டுபவரின் தோள் எல்லாமே அந்தச் சுமையைத் தாங்க வேண்டும். எனக்குச் சரியாகப் படுவது, கம்பெனி ரிம்மிலேயே 215/75 ஆர் 15 டயர் போடுவது. விட்டம் சுமார் 703 மில்லிமீட்டர். ஸ்பீடோமீட்டர் பிழை ஐந்து விழுக்காடு. எந்த டயரானாலும் ரிம்மோடு சேர்த்துச் சமன் பார்த்த பிறகே மாட்டுங்கள். மண் பாதைக்கான கனத்த டயரில் ஒட்டியிருக்கும் சேறு காய்ந்தாலே சமன் கெட்டுவிடும். மலையிறங்கும் நாளில் ரிம்மின் உட்புறத்தைக் கழுவிவிட்டுக் கிளம்புவது உதறலைக் கண்கூடாகக் குறைக்கும்.

மேற்சொன்னவை அனைத்தும் முடிந்த பிறகு மிஞ்சும் பணத்தை நான் பட்டையிலும் ஷாக் அப்சார்பரிலும் போடுவேன். மேம்படுத்துவது என்ற சொல்லுக்குத் தகுதியான வேலை இங்கேதான் இருக்கிறது. ஜிப்சியின் சவாரி முரடானது என்பது ஊரறிந்த செய்தி. இருபத்தைந்து ஆண்டுகளாகத் துருப்பிடித்துப் பட்டையும் பட்டையும் ஒட்டிக்கொண்ட செட்டில், அது ஸ்பிரிங்காகவே வேலை செய்வதில்லை. இடதுக்கும் வலதுக்கும் உயர வேறுபாடு இருக்கிறதா என்று ஆக்சில் குழாயிலிருந்து சேஸிஸ் வரை அளந்து பாருங்கள். பத்து மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் பழைய செட்டைத் தட்டி வளைப்பதை விடப் புதிதாக வாங்குவதே மேல். மென்மைக்காக ஒரு பட்டையை உருவிவிடும் வழக்கம் மலையில் ஆபத்தானது. மீதிப் பட்டைகள் அந்தச் சுமையையும் ஏற்று, பிரேக் அடிக்கும்போது எஸ் வடிவில் முறுக்கிக்கொள்ளும். மெயின் பட்டை கண்ணுக்கு அருகில் ஒடிந்தால் ஆக்சிலைப் பிடித்து நிறுத்த வேறு எதுவும் இல்லை. வசதியிருந்தால் பாரபோலிக் வகைப் பட்டையைக் கேட்டுப் பாருங்கள். நடுவில் தடித்து முனைகளில் மெலியும் ஓரிரு பட்டைகள் மட்டும் இருப்பதால் உராய்வு மிகக் குறைவு, சவாரி மென்மை. ஆனால் அந்த உராய்வு தந்த தடுப்பும் இல்லாமல் போவதால் நல்ல ஷாக் இன்றி அதைப் போடக் கூடாது.

ஷாக்கை விளம்பரத்தைப் பார்த்து வாங்காமல், அளவைப் பார்த்து வாங்குங்கள். வீல் முழுவதும் மேலே போய் பம்ப் ஸ்டாப்பில் முட்டும்போது ஷாக்கில் இன்னும் சிறிது இடம் மிச்சமிருக்க வேண்டும். வீல் முழுவதும் தொங்கும்போது ஷாக் இழுபட்டுத் தடையாக நிற்கக் கூடாது. அதே தொங்கும் நிலையில் பிரேக் ஹோஸ் விறைத்து நிற்கிறதா என்றும், ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதும் ஒடித்து, பார்த்துவிடுங்கள். உயர்த்திய வண்டிகளில் இதைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். புஷ்ஷைப் பொறுத்தவரை எனக்கு ரப்பர்தான் விருப்பம். பாலியூரித்தேன் உழைக்கும், ஆனால் ஒரு வீல் மேலும் மற்றது கீழுமாகப் போகும் பாதையில் ஷேக்கிள் பக்கவாட்டில் முறுக அது இடம் கொடுப்பதில்லை, சத்தமும் போடும். எந்த புஷ் ஆனாலும் ஷேக்கிள் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்குவது வண்டி தன் வீல்களில் தரையில் நிற்கும்போதுதான். தூக்கி வைத்த நிலையில் இறுக்கிவிட்டு இறக்கினால், ரப்பர் முறுகிய நிலையிலேயே வாழ்ந்து சீக்கிரம் கிழியும்.

பட்டையை ஆக்சிலுக்கு மேலே ஏற்றும் யோசனையை வேண்டாம் என்றே சொல்வேன். அதனால் வண்டி ஏறக்குறைய ஐந்து அங்குலம் உயரும். டிராக் லிங்க்கின் சரிவு கடுமையாகி, ஒவ்வொரு பள்ளத்திலும் பிரேக்கிலும் வீல் தானாகத் திரும்பும். அதைத் திருத்த நக்கிளின் மேல் புதிய ஆர்ம்கள் தேவைப்படும். அந்தச் செலவுக்கு அஞ்சி, டிராக் லிங்க்கைச் சூடுகாட்டி வளைத்துக் கொடுக்கும் பட்டறைகளும் உண்டு. ஸ்டியரிங் தண்டில் சூடும் வெல்டிங்கும் பட்டால், அதை எடுத்து எறிந்துவிட வேண்டியதுதான். இதையெல்லாம் முறையாகச் செய்தாலும், குறுகலான வண்டி உயரமாகிவிட்டது என்ற உண்மை மாறாது. மாருதி நிறுவனமே 1993 இல் ஜிப்சியின் வீல் இடைவெளியை 90 மில்லிமீட்டர் அகலப்படுத்தியது. அதன் பிறகும் முன்பக்கம் 1,300 மில்லிமீட்டர்தான். பாறை ஏறும் பந்தயத்துக்கென்று தனியாக வைத்திருக்கும் வண்டிக்கு அது பொருந்தலாம். ஆழியாற்றிலிருந்து வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவுகளில் பிள்ளைகளோடு ஏறி இறங்கும் வண்டிக்குப் பொருந்தாது.

டேம்பர் இரண்டு போடுவது காய்ச்சல்காரருக்கு நெற்றியில் ஈரத்துணி போடுவது போன்றது. உதறல் சில வாரங்கள் அடங்கியிருக்கும். அதற்குள் தளர்ந்த கிங் பின் இன்னும் தளர்ந்துவிடும். இருக்கிற ஒரு டேம்பரைக் கழற்றிக் கையால் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். இரு திசையிலும் ஒரே சீரான தடை இல்லையென்றால் அதற்குப் பதில் ஒன்று போதும்.

பவர் ஸ்டியரிங்கை நான் மறுக்கவில்லை, வரிசையில் கடைசியில் வைக்கிறேன். ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள வண்டிக்குச் சரியான காற்றழுத்தத்தோடு குறுகலான டயரும், கிரீஸ் உள்ள கிங் பின்னும் இருந்தால், கைப்பலத்தாலேயே கொண்டை ஊசி வளைவைத் திருப்ப முடியும். அதன் பிறகும் தோள்வலி காரணமாகவோ வீட்டில் மற்றவர்களும் ஓட்டுவதாலோ வேண்டுமென்றால் இரண்டு வழிகள் உண்டு. ஹைட்ராலிக் முறைக்கு எஞ்சினில் பம்ப்பும் பெல்ட்டும் பொருத்த வேண்டும், பாக்ஸும் வேறு, பாக்ஸ் உட்காரும் இடத்தில் சேஸிஸுக்கு வலுவூட்டும் தகடும் வேண்டும். செலவு கூடுதல், ஆனால் கல்பாதையின் அடியைத் தாங்கும். சிறு கார்களிலிருந்து எடுத்து ஸ்டியரிங் கம்பத்தில் பொருத்தும் மின்மோட்டார் முறை மலிவானது, அதனால் பரவலானது. அதில் மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். மோட்டார் தன் பலத்தைப் பாக்ஸுக்கு மேலே சேர்ப்பதால், கீழே உள்ள ஒவ்வொரு மூட்டும் முன்பைவிட அதிகம் உழைக்கும். தளர்ந்த மூட்டோடு அதைப் போட்டால் தளர்வு கைக்குத் தெரியாமல் மறைந்துவிடும். வண்டியின் வேகத்தைச் சொல்லும் சிக்னல் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகாவிட்டால், நிற்கும்போது தரும் உதவியையே 60 இலும் தந்து, காஸ்டர் குறைந்த வண்டியைப் போலவே அலையவைக்கும். நின்ற இடத்தில் ஒடிக்கும்போது அது முப்பது நாற்பது ஆம்பியர் வரை இழுக்கும். பழைய ஆல்டர்னேட்டர், இரவில் விளக்கும் வைப்பரும் ஓடும்போது, அதைத் தாங்குமா என்று முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள். ஸ்டியரிங் ஷாஃப்ட்டை வெட்டி ஒட்ட வேண்டும் என்று பொருத்துபவர் சொன்னால், அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டின் திருத்தத்தால், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடம் உண்டு. பேரிங், டை ராடு, பட்டை, ஷாக் ஆகியவற்றை அதே அளவில் புதுப்பிப்பது பராமரிப்பு; அதில் சிக்கல் இல்லை. தங்கள் வண்டி பதினைந்து ஆண்டுகளைக் கடந்தது என்பதால் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கச் சோதனைக்குக் கொண்டுபோயாக வேண்டும். வெளியே துருத்தும் ரிம் அங்கே முதலில் கண்ணில் படும். பவர் ஸ்டியரிங் போடுவதானால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் முன்பே எழுத்தில் கேட்டுவிடுவது பிற்பாடு வரும் தகராறைத் தவிர்க்கும்.

எல்லா வேலையும் முடிந்த பின் டோ-இன் பார்க்க வேண்டும். இரண்டு டயர்களின் நடுக்கோட்டுக்கும் இடையே முன்னால் உள்ள தூரம், பின்னால் உள்ளதைவிட இரண்டிலிருந்து ஆறு மில்லிமீட்டர் வரை குறைவாக இருக்கட்டும். ஸ்டியரிங் வளையம் கோணலாக நின்றால் அதைக் கழற்றி மாட்டி நேராக்காமல், டிராக் லிங்க்கின் நீளத்தைத் திருத்திச் சரிசெய்யச் சொல்லுங்கள். அப்போதுதான் பாக்ஸ் தன் நடுநிலையில் நிற்கும். பட்டையை இறக்கியிருந்தால் யூ போல்ட்டுகளைப் புதிதாகவே போட்டு, முதல் 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடியும் இறுக்க வேண்டும். பிரித்த இடத்தில் எல்லாம் புதிய ஸ்பிளிட் பின் போடப்பட்டிருக்கிறதா என்று தாங்களே குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

அதுவரை ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதுள்ள நிலையில் மலையிறங்க வேண்டாம். தோட்டத்துக்குள் இருபது முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுவதில் உதறல் ஆபத்து குறைவு. ஆனாலும் டை ராடு மூட்டுகளை மேலே சொன்னபடி விரல் வைத்துப் பார்த்த பிறகே அதையும் செய்யுங்கள். ஷெட்டில் இருக்கும் பழைய ரிம்மையும் டயரையும் ஷேக்கிளையும் ஒரு நாள் ஒதுக்கித் தோட்டத்திலேயே திரும்ப மாட்டிக்கொண்டு, குடும்பத்தை ஏற்றாமல், தனியாகப் பொள்ளாச்சிப் பட்டறைக்கு இறங்குங்கள். தாழ்ந்த கியரில் நிதானமாக இறங்கினால் உதறல் வரும் வேகத்தைத் தொடவே வேண்டியிருக்காது. மீறி வந்துவிட்டால், திடீரென்று பிரேக்கை மிதிக்காமல், இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்து, ஆக்சிலரேட்டரை விட்டு, வேகம் படிப்படியாகக் குறைய இடம் கொடுங்கள். கழற்றிய அகல ரிம் ஒன்றையும் பின்னால் போட்டுக்கொண்டு போங்கள்; கிங் பின் வேலைக்கு நக்கிளைப் பிரித்திருக்கும்போதே அதன் ஆஃப்செட்டை, அதாவது ரிம்மின் நடுக்கோடு அதைப் பூட்டும் முகத்திலிருந்து தள்ளி நிற்கும் அளவை, அளந்து பார்த்தால், அவற்றை வைத்திருப்பதா விற்பதா என்பதை அங்கேயே முடிவு செய்துவிடலாம்.